காலாவதி இல்லாத பத்திரம்

நவம்பர் மாதம் வந்துவிட்டால் நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு ஒரு வேலை வந்துவிடும். இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். போன நவம்பரில் அந்தச் சின்னக் கருவியில் கட்டைவிரலை வைத்தேன். எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல், மோதிர விரல், இடது கை என்று எல்லாம் வைத்துப் பார்த்தாகிவிட்டது. 38 வருஷம் கோப்பு புரட்டிய விரல்கள், ரேகை தேய்ந்துவிட்டது போலிருக்கிறது. கடைசியில் கண்ணைக் காட்டித்தான் உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொள்ள வைத்தேன்.

துணைக்கு வந்திருந்த மகள் வயிற்றுப் பேரன் சிரித்தான். அவன் பிரான்சில் லியோன் பக்கம் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறான், விடுமுறைக்கு வந்திருந்தான். "தாத்தா, உங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான். எனக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நான்தான் நான் என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல வேண்டும்" என்றான்.

அது என்னடா கதை என்று கேட்டேன். அன்று சாயங்காலம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைத் தாண்டி நடந்துகொண்டே சொன்னான். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அவனுக்கு அது சௌகரியம். பேச்சுக்கு நடுவில், "அது ஒரு மாதிரி ப்ரொக்யுராசியோன் தாத்தா" என்றான். பவர் பத்திரத்துக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் நின்றுவிட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் அவன் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் வரிசையாக எழுதுகிறேன். கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் படிக்கலாம். நானும் அப்படிப்பட்டவன்தான்.

கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சில் ஓர்தினாத்தேர் என்று பெயர். 1955-இல் ஐபிஎம் கம்பெனி கேட்டுக்கொண்டதற்காக ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக்கொடுத்த சொல் அது. உலகத்தை ஒழுங்குபடுத்துகிறவர் என்ற பொருளில் கடவுளுக்கு இருந்த பழைய சொல்லை அவர் இயந்திரத்துக்குக் கொடுத்தார். ஆனால் ஒழுங்கை உண்டாக்க ஒரு கூட்டம் வந்தால், அதைக் குலைக்கவும் ஒரு கூட்டம் வரும். கம்ப்யூட்டர் பிறப்பதற்கு 100 வருஷத்துக்கு முன்பே இது நடந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் குளோத் ஷாப் என்பவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் குன்றுகள் மேலும் கோபுரங்கள் மேலும் மரக் கைகளைப் பொருத்தி, அவற்றை ஆட்டிச் செய்தி அனுப்பும் முறையைக் கண்டுபிடித்தவர். ஒரு கோபுரத்தில் இருப்பவர் தொலைநோக்கியில் முந்தைய கோபுரத்தைப் பார்த்து, அதே மாதிரி தன் கைகளை ஆட்டுவார். 1794-இல் பாரீசுக்கும் லீலுக்கும் நடுவே முதல் வரிசை தொடங்கியது. அரசாங்கச் செய்தி மட்டும்தான் அதில் போகலாம்.

பொர்தோ நகரத்தில் பிளாங் என்று இரட்டைச் சகோதரர்கள் இருந்தார்கள். அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி விற்பவர்கள். பாரீஸ் விலை நிலவரம் தபால் வண்டியில் பொர்தோவுக்கு வந்து சேரச் சில நாள் ஆகும். அதற்கு முன்பே தெரிந்தால் பணம். 1834-இல் தூர் நகரத்துக் கோபுர ஊழியர் ஒருவருக்கு லஞ்சம் கொடுத்தார்கள். அவர் அரசாங்கச் செய்தியின் நடுவே வேண்டுமென்றே ஒரு தவறான குறியைச் சேர்ப்பார், உடனே அதை அடிக்கும் குறியையும் போடுவார். முறைப்படி பார்த்தால் அது சாதாரணக் கைப்பிசகு. ஆனால் அதற்குள் அந்தத் தவறு கோபுரம் கோபுரமாகப் பொர்தோ வரை போய்விடும். அங்கே ஓர் ஆள் பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டு வருஷம் இது நடந்தது. அந்த ஊழியர் நோயில் விழுந்து, தன் இடத்துக்கு வரவேண்டியவரிடம் விஷயத்தைச் சொன்ன பிறகுதான் 1836-இல் அம்பலமானது. வழக்கு நடந்தபோது, தனியார் செய்தி அனுப்புவதைத் தடுக்கும் சட்டமே இல்லை என்று தெரிந்தது. சகோதரர்கள் பெரிய தண்டனை இல்லாமல் தப்பினார்கள். 1837-இல்தான் சட்டம் வந்தது.

நான் இதில் பார்ப்பது ஒன்றுதான். பாரீசில் இருந்தவர் யோக்கியர், பொர்தோவில் இருந்தவரும் யோக்கியர். நடுவில் இருந்த ஒருவர் விலைபோனார். தொலைவில் இருக்கும் பலர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போது, ஒவ்வொருவரும் அடுத்தவரை நம்பித்தான் ஆக வேண்டும். ஆபத்து அந்த நம்பிக்கை வழியாகத்தான் வரும்.

இரண்டாவது கதை நம்மைப் போன்ற கணக்குப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1986, அமெரிக்காவில் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடம். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஓடும் நேரத்துக்குக் கட்டணம் உண்டு. கணக்கில் 75 சென்ட் இடித்தது. வானவியல் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்த கிளிஃபோர்ட் ஸ்டோல் என்பவரிடம், இதைப் பார் என்று கொடுத்தார்கள். வேறு யாராவது என்றால் பாக்கெட்டிலிருந்து சில்லறையைப் போட்டுக் கணக்கை முடித்திருப்பார்கள். அவர் விடவில்லை. மாதக்கணக்கில் துரத்தினார். கடைசியில் ஜெர்மனியின் ஹனோவர் நகரத்திலிருந்து ஒருவன் இந்த ஆராய்ச்சிக்கூடத்தின் வழியாக அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்து, எடுத்த தகவல்களைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. ராணுவ இரகசியம் போலப் பொய்க் கோப்புகளைத் தயாரித்து வைத்து, அவற்றைப் படிக்க அவன் நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கும்போது இருப்பிடத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒரு ரூபாய் வித்தியாசத்துக்காக ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து கூட்டல் போட்டவர்கள் நம்மில் பலர் உண்டு. வீட்டில் திட்டும் வாங்கியிருக்கிறோம். நாம் செய்தது வீண் வேலை இல்லை.

இனி பேரனின் விஷயத்துக்கு வருகிறேன். மின்சாரம் எந்த ஊரில் உற்பத்தியாகிறது என்று நாம் கேட்பதில்லை, ஸ்விட்சைப் போடுகிறோம். கம்ப்யூட்டர் பலமும் அப்படிக் கிடைத்தால் என்ன என்று 1990-களில் சிலர் யோசித்தார்கள். 1995-இல் அமெரிக்காவில் 17 இடங்களின் கம்ப்யூட்டர்களை ஒரு மாநாட்டுக்காகச் சேர்த்து ஓட்டிப் பார்த்தார்கள். இயன் ஃபாஸ்டர், கார்ல் கெசல்மன் இருவரும் இதற்கான மென்பொருளை உருவாக்கினார்கள், புத்தகமும் தொகுத்தார்கள். மின்சார கிரிட் போலவே இதற்கும் கிரிட் என்று பெயர் வந்தது. பிரெஞ்சில் கிரீய் என்பார்கள். நம் வீட்டு வாசலில் திருடனுக்குப் பயந்து போட்டிருக்கும் கிரில் கதவுக்கும் அதே சொல்தான். ஒரே சொல், ஒன்று பூட்டி வைக்க, மற்றொன்று திறந்துவிட.

இதை மிகப் பெரிய அளவில் செய்து காட்டியது ஜெனீவா பக்கத்தில் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து எல்லையில் இருக்கும் செர்ன் ஆராய்ச்சி மையம். அங்கே பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் வட்டச் சுரங்கத்தில் அணுவுக்குள் இருக்கும் துகள்களை மோதவிடுகிறார்கள். அதில் வரும் தகவல் ஒரு கட்டடத்தில் அடங்காது. அதனால் 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 மையங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. லியோன் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் கொல்கத்தாவிலும் மும்பையிலும் இருக்கின்றன. 2012 ஜூலை 4-ஆம் தேதி ஹிக்ஸ் துகளைக் கண்டதாக அறிவித்தார்களே, அதற்கான கணக்குகள் இப்படித்தான் ஊர் ஊராகப் போடப்பட்டன.

சரி, இப்போது சிக்கலைப் பாருங்கள். பேரன் லியோனில் உட்கார்ந்து ஒரு கணக்கை அனுப்புகிறான். அது எந்த நாட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் என்று அவனுக்கே தெரியாது. அங்கே ஓடும்போது, இன்னொரு நாட்டில் இருக்கும் தகவலை எடுத்து வா என்று அது கேட்கும். அந்த மூன்றாவது இடத்துக்காரர், நீ யார், யார் சொல்லி வந்தாய் என்று கேட்பார். அப்போது இங்கே நம் பையன் தூங்கிக்கொண்டிருப்பான். ஒவ்வொரு வாசலிலும் எழுந்து வந்து பாஸ்வேர்ட் கொடுக்க முடியாது. பாஸ்வேர்டைக் கணக்கோடு சேர்த்து அனுப்பினால், நடுவில் ஒரு தூர் கோபுர ஊழியர் இருந்தால் போயிற்று.

அப்படியானால் தன் சார்பாகப் பேச அந்தக் கணக்குக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதாவது ப்ரொக்யுராசியோன்.

நான் ஏன் நின்றேன் என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1980-களில் ஒரு அலுவலகத்தில் பென்ஷன் பட்டுவாடா பிரிவில் இருந்தேன். குடும்பப் பென்ஷன் வாங்கும் ஒரு அம்மா இருந்தார். கணவர் அரசு வேலையில் இருந்து இறந்தவர். அந்த அம்மா மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போனபோது கொழுந்தனார் மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நொத்தேர் முன்னால் எழுதிய முறையான பத்திரம். முத்திரை, கையெழுத்து, சாட்சி எல்லாம் உண்டு. எந்தத் தேதி வரை செல்லும் என்று மட்டும் அதில் இல்லை. அந்தக் காலத்தில் யாரும் அப்படி எழுதுவதும் இல்லை.

அந்தப் பையன் மாதம் தவறாமல் வந்தான். நானும் மாதம் தவறாமல் பத்திரத்தைப் பார்த்தேன், கையெழுத்தை ஒப்பிட்டேன், பதிவேட்டில் ஏற்றினேன். லைஃப் சர்டிபிகேட்டும் ஒரு அதிகாரி கையெழுத்தோடு வந்தது. 14 மாதம் கழித்து அந்த அம்மா நேரில் வந்து நின்றபோதுதான், ஒரு பைசாகூட அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. இன்றைக்கு அனுப்புகிறேன், நாளைக்கு அனுப்புகிறேன் என்று கடிதம் எழுதி ஏமாற்றியிருக்கிறான். பிரசவம் பார்க்கப் போன இடத்தில் மருமகனிடம் கைநீட்டிச் சாப்பிட்டிருக்கிறார்.

விசாரணை வைத்தார்கள். விதிப்படிதான் நடந்திருக்கிறது, குமாஸ்தா மீது தவறில்லை என்று முடித்தார்கள். மேலதிகாரி, நீ தப்பித்தாய் என்றார். ஆனால் அந்த அம்மா வாசலில் என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "தம்பி, நீ காகிதத்தை எல்லாம் சரியாத்தான் பார்த்திருக்கே. என்னை ஒரு தடவை பார்த்திருக்கலாமே" என்றார். அவர் போய் 30 வருஷம் ஆகிவிட்டது. அந்த வார்த்தை மட்டும் போகவில்லை.

அதனால்தான் கிரிட் காரர்கள் இதற்கு என்ன வழி கண்டார்கள் என்று அறிய ஆசைப்பட்டேன். பேரனைத் துளைத்து எடுத்துவிட்டேன். அவன் சொன்னதை நம் ஆபீஸ் பாஷையில் எழுதுகிறேன்.

முதல் விதி, ஆளைப் பார். ஒவ்வொரு நாட்டிலும் சான்றிதழ் வழங்கும் அமைப்பு ஒன்றை வைத்தார்கள். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் கருடா என்ற பெயரில் 17 நகரங்களை இணைத்து ஒரு கிரிட் அமைத்தபோது, பெங்களூரில் அப்படி ஒரு சான்றிதழ் அமைப்பையும் தொடங்கியது. ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாடு நம்ப வேண்டுமே? அதற்காக 2005-இல் ஐரோப்பா, ஆசிய பசிபிக், அமெரிக்கக் கண்டங்கள் மூன்றும் சேர்ந்து பொது விதிகள் வகுத்தன. அதில் முக்கியமான விதி, சான்றிதழ் கேட்பவர் புகைப்பட அடையாள அட்டையோடு பொறுப்பானவர் முன் நேரில் வந்து நிற்க வேண்டும் என்பது. உலகத்தையே கம்பியால் கட்டியவர்கள், முதல் படியில் மனிதன் மனிதனைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வைத்தார்கள்.

இரண்டாவது விதி, எதற்கும் ஒரு கடைசி நாள் வை. அந்தச் சான்றிதழ் ஒரு வருஷத்துக்குச் சற்று மேல்தான் செல்லும். நம் லைஃப் சர்டிபிகேட் மாதிரி. அதற்குரிய இரகசியச் சாவியை, பெரிய முத்திரையைப் பீரோவில் பூட்டி வைப்பது போல், சொந்தக்காரர் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். வேலைக்கு அனுப்பும்போது புதிதாக ஒரு சின்ன முத்திரை செய்து, "இது என் சார்பாகப் பேசும், இத்தனை மணி வரை" என்று பெரிய முத்திரையால் ஒரு சீட்டு எழுதிச் சேர்த்து அனுப்புவார்கள். இதற்குப் ப்ராக்ஸி சான்றிதழ் என்று பெயர். வழக்கமாகப் பன்னிரண்டு மணி நேரம். நடுவில் எவனாவது திருடினாலும் விடிந்தால் அது வெறும் காகிதம். 2004-இல் இது இணைய விதிமுறையாகவே பதிவானது.

மூன்றாவது, அதிகாரத்தைக் குறுக்கு. ப்ரொக்யுராசியோனில் பொது என்றும் குறிப்பு என்றும் இரண்டு வகை உண்டு என்று நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். இதிலும் அப்படியே. கோப்பை எடுத்து வரலாம், புதிய வேலை எதையும் தொடங்கக் கூடாது என்று எழுதிக் கொடுக்கலாம்.

நான்காவது, வீட்டுக்காரனுக்கே கடைசி வார்த்தை. வெளியிலிருந்து வரும் சான்றிதழ் எவ்வளவு சரியாக இருந்தாலும், அந்தந்த மையம் தன்னிடம் ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதில் இல்லாதவரை உள்ளே விட வேண்டியதில்லை. தொலைந்த, ரத்தான சான்றிதழ்களின் பட்டியலையும் அடிக்கடி வாங்கிப் பார்க்க வேண்டும். காணாமல் போன ரசீதுப் புத்தகத்தின் எண்களை எல்லா அலுவலகங்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்புவோமே, அதேதான். யார் வந்தார், எப்போது வந்தார் என்ற பதிவேடும் கட்டாயம்.

பன்னிரண்டு மணி நேரம் என்றதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கணக்கு மூன்று நாள் ஓடினால்? இதுதான் நடைமுறையில் அவர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்ததாம். வேலை பாதியில் நிற்கும்போது சீட்டு காலாவதியாகிவிடும். சீட்டுக்கு ஒரு வாரம் ஆயுள் கொடுத்தால் திருடனுக்கும் ஒரு வாரம். அதனால் நடுவில் காவலோடு ஒரு பெட்டகக் கம்ப்யூட்டர் வைத்து, தேவைப்படும்போது அதிலிருந்து புதுச் சீட்டு வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அந்தப் பெட்டகத்தை யார் காப்பது என்ற அடுத்த கேள்வி உடனே பிறந்தது. பாதுகாப்பு வேலை என்றைக்கும் முடிவதில்லை.

ஆள் சரி, வேலை பொய் என்றால் என்ன செய்வது? அதுவும் நடந்தது. வேற்றுக் கிரகத்திலிருந்து ஏதாவது சமிக்ஞை வருகிறதா என்று தேட, 1999 மே 17-ஆம் தேதி பெர்க்லி பல்கலைக்கழகம் ஒரு திட்டம் தொடங்கியது. வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தைக் கடன் கொடுக்கலாம். 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். யார் அதிகம் கணக்குப் போட்டார்கள் என்று பெயர்ப் பட்டியல் போட்டார்கள், அவ்வளவுதான். பணம் கிடையாது, பரிசு கிடையாது. அந்தப் பட்டியலில் மேலே வருவதற்காகச் சிலர் கணக்கே போடாமல் பொய் விடை அனுப்பினார்கள்! அதற்குக் கண்ட வழி, ஒரே கணக்கை ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுவது. பணம் எண்ணும்போது இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும் என்று நமக்கும் சொல்லிக் கொடுத்ததுதானே.

இவ்வளவு செய்தும் திருட்டு நிற்கவில்லை. 2004-இல் அமெரிக்காவின் டெராகிரிட் என்ற ஆராய்ச்சி வலையில் பல மையங்களுக்குள் யாரோ புகுந்தார்கள். வேறு கம்ப்யூட்டருக்குப் போக உதவும் நிரலையே மாற்றி வைத்து, அங்கிருந்து போகிறவர்களின் பாஸ்வேர்டுகளைப் பிடித்தார்கள். ஒருவன் பல மையங்களுக்குப் போகிறவனாக இருப்பதால், ஓர் இடத்தில் பிடித்த சாவி அடுத்த இடத்தையும் திறந்தது. ஸ்வீடனில் உப்சாலா நகரத்து 16 வயதுப் பையன் மீது சந்தேகம் போய் நின்றது. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கு நேரத்தில், ஸ்காட்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளின் பெரிய கம்ப்யூட்டர்கள் பலவற்றை அடுத்தடுத்து மூட வேண்டியதாயிற்று. பூட்டை யாரும் உடைக்கவில்லை. ஆராய்ச்சியாளர்களிடமிருந்து திருடிய சாவிகளைக் கொண்டு சொந்தக்காரன் போலவே உள்ளே வந்தார்கள். சில இடங்களில் டிஜிட்டல் நாணயம் அச்சடிக்க அந்தக் கம்ப்யூட்டர்களை ஓட்டினார்கள். இப்படிப்பட்ட சாவிகளில் பலவற்றுக்குக் கடைசி நாள் என்பதே கிடையாது என்று பேரன் சொன்னான். எனக்கு அந்த 14 மாதம் நினைவுக்கு வந்தது.

பேரன் ஊருக்குத் திரும்பும் முன், தன் செல்போனிலும் வங்கியிலும் எனக்குத் தெரியாத என் கணக்கு ஏதோ ஒன்றிலும் என்னென்ன அனுமதி கொடுத்து வைத்திருக்கிறேன் என்று பார்த்துத் தருவதாகச் சொன்னான். இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். எப்போதோ ஒரு தடவைக்காகக் கொடுத்த அனுமதிகள் ஒன்பது அப்படியே உயிரோடு இருந்தன. எல்லாவற்றையும் ரத்து செய்தோம். பீரோவில் பழைய பவர் பத்திரம் ஒன்றும் கிடந்தது. 2011-இல் ஒரு மனை விஷயமாகச் சொந்தக்காரர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தது. மனை வேலை அப்போதே முடிந்துவிட்டது, பத்திரம் முடியவில்லை. போன மாதம் பதிவு அலுவலகத்துக்குப் போய் முறைப்படி ரத்து செய்துவிட்டு வந்தேன். அவர் நல்லவர்தான், வருத்தப்படவில்லை.

நண்பர்களே, உங்கள் பீரோவையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். யாருக்காவது எதையாவது எழுதிக் கொடுத்திருந்தால், அதில் ஒரு தேதி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சார்பாகப் பென்ஷன் வாங்க யாராவது போகிறார்கள் என்றால், மாதம் ஒரு தடவை நீங்களே பாஸ்புக்கைப் பாருங்கள். நவம்பரில் விரல் ரேகை எடுக்கவில்லை என்று அந்தக் கருவி பாடாய்ப் படுத்தும்போது எரிச்சல் படாதீர்கள். நான் இனிமேல் எரிச்சல் படப்போவதில்லை. அது என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறது. அந்த அம்மாவை அப்படி ஒரு தடவை நான் கேட்டிருக்க வேண்டும்.